லில்லிபாயாவின் தலை

தண்ணியில போடும்போது மணி பன்னெண்டு அம்பது. நாப்பது நிமிஷம் ஊறணும். கண்ணாடிக் குழித்தட்டுல சுடுதண்ணி, அதுல ஒரு சொட்டு பாத்திரம் கழுவுத சோப்பு, அதுக்குள்ள என் வண்டு. அரைப்பயறு அளவுதான் இருக்கும், மஞ்ச நிறம், முப்பத்திமூணு வருஷமா காஞ்சு கெடந்த இலைவண்டு. ஊறட்டும். நல்லா ஊறட்டும். ஊறின பெறவும் தலை கழுத்தோட ஒட்டி நிக்கதை இந்தக் கண்ணால பாத்துட்டு, நாளைக்குக் காலையில ஒம்பது மணிக்கு அந்த டாக்டர் இசக்கிராஜா பெங்களூர் ரயிலைவிட்டு எறங்கி வந்து நிக்கும்போது, வாங்க, உக்காருங்க, டீ குடிங்க, இந்தா மைக்ராஸ்கோப், நல்லாக் கண்ணத் தொறந்து பாருங்கன்னு சொல்லப்போறேன். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசமாட்டேன். பேசாம இருப்பேனா? இருக்கமாட்டேன், எனக்கே தெரியும். நாலு கேள்வி நாக்கப் பிடுங்குத மாதிரி கேக்காம விடமாட்டேன். முப்பத்தோரு வயசு அவனுக்கு. நான் இந்த வண்டைப் பிடிக்கும்போது அவன் பொறக்கவே இல்ல. அம்பாசமுத்திரத்துக்காரப் பய, போன்ல கூப்பிட்டு, மேடம் இப்படி ஒரு சந்தேகம்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்கல. இங்கிலீஷ்ல ஒண்ணரைப் பக்கத்துக்கு மெயில். மிகுந்த மரியாதையுடன்னு ஆரம்பிக்கான். மரியாதையுடன்னு எவன் ஆரம்பிக்கானோ அவன் அடுத்த வரியில செருப்பக் கழட்டப்போறான்னு அர்த்தம். மிகுந்த மரியாதையுடன், நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன், கழுத்துப் பக்கம் ஒரு மினுக்கம் தெரிகிறது, அது கோந்தாக இருக்கலாம், தலை வேறு ஒரு வண்டின் தலையோ என்று ஐயப்படுகிறேன். ஐயமாம். அந்தப் படத்த அனுப்பினது யாரு? நான். பொறுமையா லைட்டைத் திருப்பித் திருப்பி வச்சு, பதினாறு படம் எடுத்து, பய ஆராய்ச்சி பண்ணுதானே, உதவியா இருக்கட்டுமேன்னு அனுப்பினேன். எனக்கு நல்லா வேணும்.

மினுக்கமா இருந்தா கோந்தா? வண்டு மினுங்காதா? கழுத்துன்னா அங்க ஒரு சவ்வு இருக்கும், சவ்வு காஞ்சா மினுங்கத்தான் செய்யும், இது பி.எஸ்சி. பிள்ளையளுக்குத் தெரியும். இவனுக்குத் தெரியாது. இவனுக்குக் கம்ப்யூட்டர்ல பெரிசாக்கத் தெரியும், அவ்வளவுதான். ஒரு நாளாவது வலையத் தூக்கிக்கிட்டு அட்டை கடிக்க நின்னிருப்பானா? புதுசா ஒரு வண்டு இனத்துக்குப் பேரு வைக்கணும்னா சும்மா காத்துல வைக்க முடியாது. ஒரே ஒரு பூச்சியைக் காட்டி, இந்தப் பேரு இந்தப் பூச்சிக்கு, நாளைக்கு எவனுக்குச் சந்தேகம் வந்தாலும் இத வந்து பாத்துக்கிடட்டும்னு சொல்லணும். அந்த ஒத்தப் பூச்சிக்கு டைப்புன்னு பேரு, ஊசியில செவப்பு லேபிள் குத்தி வைப்போம். செவப்பு லேபிள் போச்சுன்னா பேரும் போச்சு. என் செவப்பு லேபிள் இதுதான், இந்தத் தட்டுல கெடந்து ஊறுத இதுதான். நான் பேரு வச்சது ஒரு சிற்றினத்துக்கு இல்ல, ஒரு பேரினத்துக்கே. குடும்பத்துல பிள்ளைக்குப் பேரு வைக்கதுக்கும் குடும்பத்துக்கே பேரு வைக்கதுக்கும் வித்தியாசம் இருக்குல்லா. இந்த வண்டோட மூஞ்சியில, ரெண்டு கண்ணுக்கும் நடுவுல, ஆணியால குத்தினாப்ல ஒரு பள்ளம். அப்படிப் பள்ளம் உள்ள வண்டு வேறயும் இருக்கு, இல்லன்னு சொல்லல. ஆனா அதுக்கெல்லாம் முன்னங்கால் நெஞ்சுல பொருந்துத குழி பின்பக்கம் தொறந்து கெடக்கும். என் வண்டுக்கு மூடியிருக்கு. பள்ளமூஞ்சியும் மூடின கால்குழியும் ஒரே உடம்புல. உலகத்துல எங்கயும் கெடையாது. தொண்ணூத்திமூணுல நான் அதை எழுதி அச்சுல வந்தப்போ வெளிநாட்டுலருந்து கடுதாசி வந்துச்சு, வாழ்த்துன்னு. இப்ப இவன் சொல்லுதான், உலகத்துல எங்கயும் இல்லாததுக்குக் காரணம் அது உலகத்துலயே இல்லாததுதான்னு. தலை ஒரு வண்டு, உடம்பு ஒரு வண்டு. அப்ப நான் யாரு? பொம்மை செய்யுதவளா? முப்பத்திமூணு வருஷமா இன்னொண்ணு ஏன் கெடைக்கலைன்னு கேக்குதான். ஏன் கெடைக்கல? நான் இதைப் பிடிச்ச வண்ணாத்திமேட்டுல இருந்த காட்ட வெட்டி ரப்பர் நட்டா எப்படிக் கெடைக்கும்? வருஷா வருஷம் ஆனி மாசம் போனேன். கல்யாணம் ஆன வருஷமும் போனேன், வயித்துல பிள்ளையோடயும் போனேன். இந்த வண்டு இருந்த கொடியப் பிடிச்சு வலைக்குள்ள உதறாத வருஷம் கெடையாது. கெடைக்கல. ரப்பர்க்காரனத் திட்டினேன், மருந்தடிக்கவனத் திட்டினேன், வனத்துறைக்கு மனு எழுதினேன். எழுதி எழுதிக் கடைசியில அவங்க ஒரு போர்டு வச்சாங்க, அரிய வண்டின் வாழிடம்னு. அதுல படம் போட்டிருக்காங்க, செவப்புல கறுப்புப் புள்ளி வச்ச பொறிவண்டு. அதையும் திட்டினேன்.

ஒண்ணு அஞ்சு. கால்மணி நேரம்தான் ஆயிருக்கு. இப்பவே போய் மைக்ராஸ்கோப்ல கண்ண வச்சா கை சும்மா இருக்காது, ஊசியால தொட்டுப் பாக்கச் சொல்லும். ஊறாததைத் தொட்டா நெசக் கழுத்தும் ஒடிஞ்சுபோகும். பெறவு ஒட்டினதா ஒடிஞ்சதான்னு எவன் சொல்ல? பொறுத்துத்தான் ஆகணும். கோந்துன்னா தண்ணியில கரையும், சவ்வுன்னா கரையாது, இளகும், ஆனா விடாது. இவ்வளவுதான் பரிசோதனை. கோர்ட்டு கூட இவ்வளவு நேர்மையாத் தீர்ப்பு சொல்லாது. சரோஜம் கதவத் தள்ளிக்கிட்டு எட்டிப் பாக்கா. இந்தக் காலேஜ் மியூசியத்துக்கு அட்டெண்டரா வந்து இருபத்திரெண்டு வருஷம். நான் ரிட்டயர் ஆகி ரெண்டு வருஷம் ஆச்சு. எனக்குப் பெறவு இந்தப் பெட்டியளத் தொறந்து பாக்க ஆளில்லைன்னு நான்தான் வந்துக்கிட்டு இருக்கேன். பிரின்சிபால் வராதேன்னும் சொல்லல, வான்னும் சொல்லல. "டீச்சர், சோறு தின்னலியா?"ங்கா. பெறவு தின்னுவேன்னேன். "பெறவு பெறவுன்னு நேத்தும் டப்பாவ அப்படியே கொண்டு போனீங்க, உங்க வீட்டு சார் என்னைத்தான் கேப்பாரு. சுடுவெள்ளம் இன்னும் வேணுமா?" வேண்டாம், போட்டீ, கதவச் சாத்திட்டுப் போன்னு விழுந்தேன். அவ ஒண்ணும் நெனைக்க மாட்டா. இந்தக் கோவம் அவ மேல இல்லைன்னு அவளுக்குத் தெரியும். யாரு மேலன்னும் தெரிஞ்சிருக்கும், நாலு நாளா நான் அந்த மெயில வாயால படிச்சுப் படிச்சுக் கத்துதத கேட்டுக்கிட்டுத்தான இருக்கா. அதுல ரெண்டாம் பக்கத்துல இன்னொண்ணு எழுதியிருக்கான். அதை நான் சத்தமாப் படிக்கல. போன வருஷம் நான் அவனுக்கு அனுப்பின பெட்டியில, பேரு கண்டுபிடிக்காத வண்டுகளுக்கு நடுவுல, தலையில்லாத ஒரு முண்டம் இருக்காம். அதே தேதி, அதே வண்ணாத்திமேடு, அதே கொடி, லேபிள்ல என் கையெழுத்து. கால்குழி தொறந்து கெடக்காம். அதாவது பள்ளமூஞ்சிக்குப் பொருத்தமான உடம்பு. சவம், தலையில்லாத வண்டு எந்த மியூசியத்துலதான் இல்ல? காஞ்ச வண்டு, லேசாத் தட்டினா தலை போகும். பெட்டியத் தபால்ல அனுப்பும்போது போயிருக்கும். நம்ம தபால்காரங்க தூக்கிப் போடுத போடுக்கு என் தலையே போகும். அப்படின்னா போன தலை அந்தப் பெட்டிக்குள்ளதான உருண்டு கெடக்கணும்? தேடினேன், இல்லைன்னு எழுதியிருக்கான். மிகுந்த மரியாதையுடன் தேடியிருக்கான்.

இந்த மாதிரி எத்தனை பேரப் பாத்தாச்சு. அப்போ இருந்த டிபார்ட்மென்ட் தலைவரு, பேரு சொல்ல வேண்டாம், மண்ணுக்குள்ள போயாச்சு, என் கட்டுரையில அவரு பேரத்தான் மொதல்ல போடணும்னாரு. எதுக்கு சார், வலை வீசினீங்களா, லேபிள் எழுதினீங்களான்னு கேட்டேன். பொம்பளப் பிள்ள தனியாக் காட்டுக்குப் போகுது, நான் கேள்வி கேக்காம விட்டேன்ல, அதுக்குன்னாரு. போடமாட்டேன்னேன். ஆறு மாசம் அல்மாரிச் சாவியத் தரல அந்த மனுசன். என் பேரு மட்டும்தான் அதுல இருக்கு, எப்சிபா, அவ்வளவுதான், பக்கத்துல ஒரு கமா கூட கெடையாது. எங்கிட்ட படிச்ச பிள்ளையள் எல்லாத்துக்கும் நான் சொல்லிக் குடுத்தது ஒண்ணே ஒண்ணு, பூச்சி போனாலும் லேபிள் போகக் கூடாது, லேபிள்ல பொய் வரக் கூடாது. பிடிச்ச எடம் தெரியலையா, தெரியலைன்னு எழுது. தேதி மறந்துட்டா, மறந்துட்டுன்னு எழுது. ஒரு பிள்ள கன்னியாகுமரியில பிடிச்சதைக் கோதையாறுன்னு எழுதிக் கொண்டுவந்தா, மதிப்பெண்ணுக்காக. அவ ரெக்கார்டு நோட்டைத் தூக்கி வராந்தாவுல எறிஞ்சேன். அவ அழுதா. அழட்டும். அப்பேர்ப்பட்டவ நான், எங்கிட்ட வந்து, தலை வேறயோன்னு ஐயப்படுதேன்னா, அது கழுத்தப் பத்தின கேள்வியா, என்னப் பத்தின கேள்வியா? என்னப் பத்தினதுதான். எப்சிபா ஒட்டினா, எப்சிபா ஏமாத்தினான்னு சொல்லாம சொல்லுதான். நான் ஏமாத்தல. நான் ஏமாத்தவே இல்ல. ஒட்டினது உண்டு, அது வேற. சின்ன வண்டு, தலை ஒடிஞ்சா அதே தலைய அதே உடம்புல ஒரு பொட்டுக் கோந்து வச்சு ஒட்டுதது எல்லாரும் செய்யுததுதான். லேபிள்ல ஒரு வரி எழுதணும், தலை ஒட்டப்பட்டதுன்னு. எழுதலையோ? அன்னைக்கு எழுதல. அன்னைக்கு நடந்தது வேற விஷயம், அது வீட்டு விஷயம், இதுல சேராது. மணி ஒண்ணு பன்னெண்டு.

இவன் சொல்லுதபடி ஆச்சுன்னா என்ன ஆகும்? உடம்பு எந்தப் பேரினத்தச் சேந்ததோ, ஏற்கெனவே எவனோ நூறு வருஷத்துக்கு முன்னால வச்ச பேரு ஒண்ணு இருக்கும், அதுக்கு அடியில என் பேரினம் போய்ப் படுத்துக்கிடணும். சின்ன எழுத்துல, முன்னால ஒரு சமக்குறி போட்டு. செல்லாத பேரு. இனி எவனும் எடுத்துச் சொல்ல மாட்டான். லில்லிபாயா. செல்லாது. எங்க அம்மை பேரு லில்லிபாய். அம்மைக்கு ஆறாங்கிளாஸ் படிப்பு, என்ன வேலை செய்யுதேன்னு கடைசி வரைக்கும் அவளுக்குச் சரியாப் புரியல, பூச்சிக்கு ஜாதகம் எழுதுதான்னு பக்கத்து வீட்டுல சொல்லுவா. பேரு வச்சிருக்கேம்மான்னு கட்டுரையக் கொண்டுபோய்க் காட்டினப்போ, "எம் பேரயா? வண்டுக்கா? ஏட்டி, ஒரு பூவுக்கு வைக்கப்படாதா? லில்லின்னு பேரே பூவுதானட்டி"ன்னா. மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு அடுப்படிக்குப் போயிட்டா. ஞாயித்துக்கிழமை கோயில் விட்டதும் பாஸ்டர் வீட்டு அம்மாவப் பிடிச்சு நிறுத்தி, எம் பேருல உலகம் பூரா ஒரு சாதி வண்டு இருக்கு தெரியுமா, லண்டன்லயும் சொல்லுவாங்களாம்னு ஒரு மணி நேரம். அந்தப் பக்கத்த லேமினேட் பண்ணி வேதப்புத்தகத்துக்குள்ள வச்சிருந்தா. இங்கிலீஷ்ல அவளுக்கு வாசிக்கத் தெரிஞ்ச ஒரே வார்த்தை அதுதான், அவ பேரு. அவ போய்ப் பதினோரு வருஷம் ஆச்சு. இந்தப் பய வந்து அதைச் செல்லாதுன்னு எழுதப்போறான். இவன் அம்மை பேரை எவனாவது செல்லாதுன்னு எழுதினா இவன் சும்மா இருப்பானா? எங்க வீட்டு மனுசன் சொல்லுதாரு, போனாப் போகுது, ஒரு வண்டுக்கா இந்த ஆட்டம் ஆடுதேன்னு. அவருக்கு எப்படிச் சொல்ல? நான் ஏன் அந்தப் பேர வச்சேன்னு அவருக்கும் தெரியாது. பாசம்னு நெனைக்காரு. எல்லாரும் அப்படித்தான் நெனைக்காங்க. பாசம் இல்லாம இல்ல. ஆனா பேரு வச்சதுக்குக் காரணம் அது இல்ல.

சரி, அந்த வீட்டு விஷயத்தத்தான் நெனைச்சுத் தொலைப்போமே, இன்னும் பதிமூணு நிமிஷம் கெடக்கு. தொண்ணூத்தி ஒண்ணு, ஆனி. மழை நின்ன மறுநாள், புழுக்கம். காலேஜ் லீவு, டிபார்ட்மென்ட் பூட்டிக் கெடக்கு, நான் வண்டுகள வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில பரத்தி வச்சிருக்கேன். ஒவ்வொண்ணையும் நகத்துண்டு அளவுக்கு முக்கோணமா வெட்டின அட்டை நுனியில கோந்து வச்சு ஒட்டணும். முப்பது, முப்பத்தஞ்சு வண்டு இருக்கும், எல்லாம் மஞ்சதான், எல்லாம் ஒரே கொடியில பிடிச்சது. பாதி ஒட்டியாச்சு, பாதி தாள்ல கெடக்கு. முதுகு பூரா வேர்வை ஓடுது, மூக்கு நுனியிலருந்து சொட்டுது, நான் மூச்சக் கூட தள்ளி விடுதேன். அம்மை உள்ள வந்தா. "ஏட்டி, இப்படி வேத்து ஊத்துதே, காத்தப் போட்டுக்கிட்டு இருக்கப்படாதா"ன்னு சொன்னா. சொல்லி முடிக்கதுக்குள்ள சுவிட்சப் போட்டுட்டா. ரெகுலேட்டர் அஞ்சுல இருந்துச்சு. ஐயோ. மேசை காலி. பூச்சி வேலை பாக்குதவங்க வீட்டுல கைப்பிள்ளைக்குக் கூட தெரியும், ஃபேன் சுவிட்சுகிட்ட போகக் கூடாதுன்னு. அம்மைக்கு நான் சொல்லியிருந்தேனா? சொன்னதில்ல. எப்பவும் காலேஜ்லதான வேலை. நான் சொன்னதெல்லாம் பெறவு சொன்னது. அந்த வீட்டுல அப்படி ஒரு சத்தம் அதுக்கு முன்னயும் கேட்டதில்ல, பெறவும் கேக்கல. நீ தொட்டது எது வெளங்கிச்சுன்னு கேட்டேன். அப்பா தொழில் நொடிச்சதும் உன்னாலதான், தங்கச்சி சின்னதுல செத்ததும் உன்னாலதான், இப்ப இதுவும்னு சொன்னேன். சொன்னேன். இந்த வாயாலதான். அம்மை சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு, டார்ச்ச எடுத்துக்கிட்டு, செவப்புச் சிமென்டுத் தரையில முட்டிபோட்டு உக்காந்தா. அம்பத்தொரு வயசு, முட்டிவலிக்காரி. ரெண்டு மணி நேரம். கட்டிலுக்கு அடியில, தையல் மெஷினுக்கு அடியில, ஒவ்வொரு வண்டா விரல் நுனியில எச்சில் தொட்டு எடுத்து எடுத்து மேசையில வைக்கா. நான் அழுதுக்கிட்டே அடுக்குதேன். ரெண்டு வண்டுக்குத் தலை இல்ல. கடைசியில அம்மை வந்து உள்ளங்கைய நீட்டுதா. "மக்ளே, இதான்னு பாரு, தலை கணக்கா இருக்கு." கடுகுல கால்வாசி. ஒரு தலைதான். உடம்பு ரெண்டு. எந்த உடம்புக்குன்னு நான் பாத்தேனா? பாத்தேன், பாத்திருப்பேன், லென்ஸ் வச்சுப் பாக்காமலா இருப்பேன். கண்ணுல தண்ணியோட லென்ஸ்ல என்ன தெரியும்? கிட்ட இருந்த உடம்புல வச்சேன், பொருந்தினாப்ல இருந்துச்சு. அம்மை நிக்கா பக்கத்துல, சரியா இருக்கா மக்ளேன்னு கேக்குதா. சரியா இருக்கும்மான்னேன். வேற என்ன சொல்ல? அவ மூஞ்சியப் பாத்துக்கிட்டு, இல்லைன்னு சொல்ல முடியுமா? ஒட்டினேன். ரெண்டு மாசம் கழிச்சுக் காலேஜ் மைக்ராஸ்கோப்ல பாக்கும்போது பள்ளமூஞ்சி, மூடின கால்குழி, உலகத்துல எங்கயும் இல்லாதது. ஒட்டின தலைங்கதே அப்ப ஞாபகம் வரல. வரலையா? வந்துச்சு. வந்ததை நான் உள்ள விடல. அந்த நாள நெனைச்சா நான் சொன்னதும் சேந்து வரும். அதான் தலையும் உள்ள வரல. மன்னிப்புக் கேக்க வாய் வரல, பேரு வச்சேன்.

ஒண்ணு முப்பத்திரெண்டு. ரெண்டு நிமிஷம் கூடவே ஆச்சு. லைட்டப் போட்டுக் கண்ண வச்சேன். தண்ணி கலங்கியிருக்கு, கழுத்துகிட்ட மட்டும், கஞ்சித் தண்ணி கணக்கா. சோப்பா இருக்கும். சோப்புன்னா தட்டு பூரா இல்ல கலங்கியிருக்கணும். ஊசியால தொடக்கூட இல்ல, தட்ட இப்படி லேசா நகத்தினேன், தலை தனியா நகந்துச்சு. அவ்வளவுதான். ஒரு சத்தமும் கெடையாது. தண்ணிக்குள்ள உருண்டு போய் மூஞ்சிய மேல காட்டிக்கிட்டுக் கெடக்கு, பள்ளத்தோட. ஊசியால உடம்பத் திருப்பிப் பாத்தேன். நெஞ்சுல தலை போய் உக்காருத வாய் இருக்குல்லா, அது பூரா கோந்து அடைச்சிருக்கு. கோந்து கரையக் கரைய வாய் தெரியுது. பெரிய வாய். தலையோட கழுத்து அதுல பாதி கூட இல்ல. குக்கர்ல டம்ளர் மூடியப் போட்டாப்ல. இதையா முப்பத்திமூணு வருஷம் பாக்காம இருந்தேன்? எத்தனை தடவை இந்த லென்ஸுக்கு அடியில வச்சிருப்பேன், எத்தனை பிள்ளையளுக்குக் காட்டியிருப்பேன், பாருங்க, இதுதான் லில்லிபாயான்னு. ஒருத்தியும் கேக்கலையே. கேட்டா நான் நோட்டைத் தூக்கி எறிவேன்னு கேக்கல. இவன் மட்டும்தான் கேட்டான். அவன் மேல இருந்த கோவம் இப்பவும் போகல, பாத்துக்கிடுங்க, இன்னும் கூடத்தான் செய்யுது. தப்பாச் சொல்லியிருந்தா கூட மன்னிச்சிருப்பேன். சரியாச் சொல்லித் தொலைச்சிருக்கான். இந்தக் காட்டுல இல்லாத வண்டுக்காக எத்தனை ஆனி மாசம் நனைஞ்சேன். ரப்பர்க்காரன என்ன பேச்சு பேசினேன். நெசத் தலை எங்க போச்சோ, மறுநாள் அம்மை வீட்டத் தூத்து வாழைமூட்டுல கொட்டியிருப்பா.

மேசையில கோந்து பாட்டில் இருக்கு. இப்ப உள்ள கோந்து நல்ல கோந்து, தண்ணியில கரையாது, மினுங்கவும் மினுங்காது. வடிகட்டுத தாள்ல கால்மணி நேரம் காய வச்சு, ஒரு பொட்டு. நாலு மணிக்கெல்லாம் இறுகிப்போகும். நாளைக்கு அவன் வந்து, மேடம் ஊற வச்சுப் பாக்கலாமான்னு கேட்டா, டைப்பத் தொட விடமாட்டேன்னு சொன்னாப் போதும். எல்லா மியூசியத்துலயும் சொல்லுததுதான், ஒருத்தனும் கேள்வி கேக்க முடியாது. அவன் ஐயம்னு எழுதுவான். ஐயம்தான, எழுதட்டும். நான் இருக்க வரைக்கும் லில்லிபாயா செல்லும். பாட்டில எடுத்தேன். எடுத்துட்டு அதை வச்சுக்கிட்டு நின்னேன். கையில கோந்து, முன்னால தண்ணியில தலையும் உடம்பும். இதே மாதிரி ஒருதடவை நின்னாச்சு. அப்பம் தெரியாது, இப்பம் தெரியும். தெரிஞ்சு ஒட்டினா அதுக்குப் பேரு என்னன்னு எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். அதுக்காகத்தான் போனை எடுத்தேன்னு சொன்னா நான் ரொம்ப நல்லவன்னு ஆயிரும், அப்படியும் இல்ல. நாளைக்கு அவன் குனிஞ்சு பாத்துட்டு, நிமிந்து, மரியாதையா ஒரு பார்வை பாப்பான்ல, பாவம் வயசானவங்கன்னு. அதை வாங்கிக்கிட்டு நான் நிக்கணுமா? நிக்க மாட்டேன். என் தப்ப எவனும் வந்து எனக்குக் காட்ட வேண்டாம், நானே சொல்லுதேன். போன் ரெண்டு தடவை அடிச்சதுமே எடுத்துட்டான். "சொல்லுங்க மேடம்." தலை கழண்டுட்டுன்னேன். "மேடம்?" ஊறப் போட்டேன், கழண்டுட்டு, ஒட்டினதுதான், உடம்பு வேற தலை வேற, நீ சொன்னது சரி. "நீங்க ஏன் மேடம் தனியா, நான்தான் நாளைக்கு வர்றேனே"ங்கான். ஏன், நீ வந்து கழட்டினாத்தான் கழலுமான்னு கேட்டேன்.

"மேடம், கோச்சுக்காதீங்க. நான் ஒண்ணு யோசிச்சு வச்சிருந்தேன்"னான். குரல் நல்ல பிள்ளை குரல்தான், அதுதான் இன்னும் எரிச்சல். "பழைய கலெக்ஷன்ல இதெல்லாம் சகஜம் மேடம். எப்பவோ யாரோ ஒரு அட்டெண்டர் கீழ விழுந்ததை எடுத்து ஒட்டியிருப்பாங்கன்னு எழுதிடலாம். உங்க பேருக்கு ஒண்ணும் வராது." எனக்கு அந்தக் கோவம் எங்கருந்து வந்துச்சுன்னு தெரியல. யாருல அந்த அட்டெண்டர்னு கத்தினேன். வாசல்ல ஒருத்தி உக்காந்து சோறு தின்னுக்கிட்டு இருக்கா, இருபத்திரெண்டு வருஷத்துல ஒரு பூச்சிக்கால ஒடிச்சதில்ல, அவளா? அவளுக்கு முன்னால இருந்த கிழவரா, அவரு செத்தே போயிட்டாரு, செத்தவன் தலையில போடுதியா? யாரோன்னு எழுதக் கூடாது. யாரோன்னு ஒருத்தரும் உலகத்துல கெடையாது. எழுதிக்கோ. ஒட்டினது எப்சிபா. தேதி லேபிள்ல உள்ள தேதிக்கு மறுநாள். எடம், அவ வீட்டுச் சாப்பாட்டு மேசை. ஒட்டினதை லேபிள்ல எழுதல, அதையும் எழுது. அந்தப் பேரினம் செல்லாதுன்னு நாம ரெண்டு பேரும் சேந்து எழுதுவோம், வேணும்னா உன் பேர மொதல்ல போட்டுக்கோ. சரோஜம் சோத்துக் கையோட கதவுகிட்ட வந்து நிக்கா. நான் போயிரு போயிருன்னு கைய ஆட்டினேன், அவ போகல. அவன் எழுதுத சத்தம் கேக்குது, கம்ப்யூட்டர்ல டப்டப்புன்னு. "சரி மேடம், எழுதிட்டேன். எப்படி மேடம் தலை போச்சு? அதையும் ஒரு வரி எழுதினா நல்லாருக்கும்." ஃபேன் காத்துலன்னேன். அவனுக்குச் சிரிப்பு வந்துட்டு, அடக்கப் பாத்தான், முடியல. "ஃபேனா? வண்டப் பரப்பி வச்சுக்கிட்டு யாராவது ஃபேன் போடுவாங்களா மேடம்? ஃபர்ஸ்ட் இயர் பிள்ளைங்ககூட போடாதே! யாரு மேடம் போட்டது?"

"நான்தான் போட்டேன். வேத்துச்சு, போட்டேன். அதையும் எழுதிக்கோ."